ரசிகனின் சாட்சியம்

2020 ஜூன் 26 அதிகாலை. இரண்டே முக்கால் மணி இருக்கும். லண்டனில் செல்சி, மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று தோற்கடித்து முடித்தது. ஆடியது எங்கள் அணியே இல்லை. ஆனாலும் அந்தக் கடைசி விசில் ஊதியதும் லிவர்பூல் முப்பது வருடம் கழித்து இங்கிலாந்தின் சாம்பியன் ஆகிவிட்டது. பொதுமுடக்கக் காலம். ஸ்டேடியம் காலி. என் வீட்டில் எல்லோரும் தூக்கம், கத்த முடியாது. தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதேன். யுனைடெட் ரசிகனான நண்பன் ஒருவன், "வாழ்த்துகள்டா, இனிமே உங்க வாயை யாராலயும் மூட முடியாது" என்று அனுப்பியிருந்தான். ஒரு யுனைடெட்காரனிடமிருந்து அதுவே பெரிய விஷயம்.

அதே போனில், பக்கத்து செயலியில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாளுக்கு முன்னால்தான் சுஷாந்த் சிங் ராஜ்புத் பாந்த்ராவில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது மும்பை போலீஸ். நாங்கள் நம்பவில்லை. என் முகப்புப் படமாக அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கோப்பையைத் தூக்கும் மீம்களுக்கு நடுவே 'ஜஸ்டிஸ் ஃபார் எஸ்.எஸ்.ஆர்.' என்ற டேகையும் போட்டுக்கொண்டிருந்தேன். லிவர்பூல் ரசிகனுக்கு 'ஜஸ்டிஸ்' என்ற சொல் புதிதில்லை. எங்கள் மைதானத்தில் பல வருடம் ஒலித்த கோஷமே 'ஜஸ்டிஸ் ஃபார் த 96' தான். ஒரே சொல், ஒரே விரல், ஒரே கோபம். உள்ளே இருந்து பார்த்தபோது இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை வித்தியாசம்கூட எனக்குத் தெரியவில்லை.

ஒன்றில் நாங்கள் சரி. இன்னொன்றில் தப்பு. சின்னத் தப்பு இல்லை, ஒரு பெண்ணைச் சிறை வரைக்கும் விரட்டிப்போய்க் கைதட்டிய தப்பு. அப்போதே எனக்கு அது தெரிந்திருக்க வழி இருந்ததா? அஞ்சு வருஷமா இந்தக் கேள்வியை வெச்சுக்கிட்டுத்தான் சுத்திக்கிட்டிருக்கேன்.

சுஷாந்தை எனக்கு ஏன் பிடித்தது என்று முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் புரியாது. நம்ம ஊரில் பெரும்பாலானவர்களுக்கு அவர் 2016இல் வந்த தோனி படத்தின் மூலம்தான் அறிமுகம். சென்னையில் தோனியாக நடித்தவனை வேற்று ஆளாக நினைப்பது கஷ்டம். எனக்கு அவர் அதற்கு முன்பே 'காய் போ சே'யில் கிடைத்துவிட்டார். 2013 படம். அகமதாபாத்தில் மூன்று நண்பர்கள். அதில் சுஷாந்த் செய்த இஷான், கிரிக்கெட்டில் பெரிய ஆளாக வர முடியாமல் போனவன். அலி என்ற சின்னப் பையனிடம் தன்னைவிடப் பெரிய திறமை இருப்பதைக் கண்டுபிடிக்கிறான். அந்தக் கண்டுபிடிப்பில் அவன் முகத்தில் துளிப் பொறாமை இல்லை, வெறும் ஆனந்தம். நன்றாக நடிக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். தன்னைவிடச் சிறந்த ஒன்றைப் பார்த்துச் சந்தோஷப்படுவதை நடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. மூலக்கதை சேத்தன் பகத்துடையது. படம் புத்தகத்தைவிட நூறு மடங்கு மேல் என்பது என் தாழ்மையான, மாற்ற முடியாத கருத்து.

பிறகு 'சோன்சிரியா'. 2019 மார்ச்சில் வந்தது. நான் பார்த்த காட்சியில் பத்துப் பேர்கூட இல்லை. நெருக்கடிநிலைக் காலச் சம்பல் பள்ளத்தாக்கு, ஒரு கொள்ளைக் கூட்டம். துப்பாக்கிச் சண்டையின் குறுக்கே குழந்தைகள் செத்துப்போன பழைய பாவம் அந்தக் கூட்டத்தைத் துரத்துகிறது. லாக்னா என்ற கொள்ளைக்காரனாக சுஷாந்த். யாருமே அவனைக் குற்றம் சொல்லாத நேரத்திலும் தன் குற்றத்தைத் தானே தூக்கிக்கொண்டு நடக்கிறான். அடிபட்டுக் கிடக்கும் ஒரு சிறுமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும், தன் கணக்கு தீரும் என்று நம்புகிறான். இந்திப் படம் என்றாலே சுவிட்சர்லாந்தில் டூயட் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் காட்டும் படம் இதுதான்.

அப்படிப்பட்ட நடிகன் செத்துப்போனான். பாட்னாவிலிருந்து வந்தவன், டெல்லியில் பொறியியலைப் பாதியில் விட்டவன், மேடையில் பின்வரிசையில் ஆடி, சீரியலில் நடித்து மேலே வந்தவன். வாரிசுகளுக்கு முதல் படத்திலேயே சிவப்புக் கம்பளம் விரிக்கும் ஊரில் யாருடைய பிள்ளையாகவும் இல்லாதவன். இந்திச் சினிமாவின் வாரிசு அரசியலைப் பற்றிய எங்கள் கோபத்தில் நியாயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஜூன் மாதம் முழுக்க நாங்கள் அதைத்தான் பேசினோம். ஜூலைக் கடைசியில் சுஷாந்தின் தந்தை பாட்னாவில் புகார் கொடுத்தார். அதன் பிறகு எங்கள் கோபத்துக்கு ஒரு முகம் கிடைத்தது: ரியா சக்ரவர்த்தி, அவருடைய காதலி.

அங்கிருந்து எல்லாமே வேகமாகச் சரிந்தது. பணத்தைச் சுருட்டினாள் என்றோம், விஷம் வைத்தாள் என்றோம். வங்காளத்துப் பெண், சூனியம் வைத்தாள் என்றுகூட எழுதினார்கள். எழுதினார்கள் என்ன எழுதினார்கள், அதில் ஒன்றை நானும் ஃபார்வேர்டு பண்ணேன். டிவிக்காரர்கள் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு நீதிமன்றம் நடத்தினார்கள். செப்டம்பர் 8 அன்று போதைப்பொருள் தடுப்புத் துறை ரியாவைக் கைது செய்தது. அதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு, விசாரணை அலுவலகத்துக்கு நடந்து போனவரை மைக்குகளும் கேமராக்களும் சூழ்ந்து, மூச்சு முட்ட நெருக்கித் தள்ளிய வீடியோ ஒன்று வந்தது. சிரிக்கும் எமோஜி போட்டு அதைப் பகிர்ந்தேன். கூட்ட நெரிசல் மனிதனை என்ன செய்யும் என்று அத்தனை வருடம் படித்து வைத்திருந்தவன் செய்த காரியம் அது.

யுனைடெட் நண்பன் அன்று ராத்திரி கேட்டான்: "மச்சி, அந்தப் பொண்ணு பண்ணுச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நான் யோசிக்கவே இல்லை. "ஹில்ஸ்பரோவுலயும் இப்படித்தான்டா கேட்டாங்க. இருபத்தேழு வருஷம் கழிச்சு யாரு சொன்னது உண்மைன்னு தெரிஞ்சுதுல்ல?"

அன்றைக்கு அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஆனால் அதை ஒதுக்கிவிட்டுப் போகவும் முடியவில்லை, ஏனென்றால் அது முட்டாள்தனமான பதில் இல்லை.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரத்தின் ஹில்ஸ்பரோ மைதானம். எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும். லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கிய பக்கத்தில் நின்று பார்க்கும் பகுதிக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் போக வேண்டும். அதற்கு ஏழே ஏழு சுழல்கதவுகள். வெளியே நெரிசல் கூடியதும், போலீஸ் அதிகாரி டக்கன்ஃபீல்டு வெளியேறும் கதவு ஒன்றைத் திறக்கச் சொன்னார். உள்ளே வந்தவர்களுக்கு எதிரே தெரிந்தது ஒரு சுரங்கப்பாதை. அது ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுக் கூண்டுகளுக்குப் போகிறது. அந்தப் பாதையை யாரும் அடைக்கவில்லை, ஓரத்துக் கூண்டுகளுக்குப் போங்கள் என்று யாரும் சொல்லவில்லை. முன்னால் இரும்பு வேலி. மூன்று மணிக்கு ஆரம்பித்த ஆட்டத்தை 3:06க்கு நிறுத்தினார்கள். 96 பேர் செத்தார்கள். அன்று மூளை பாதிக்கப்பட்ட ஒருவர் 2021இல் இறந்தார். இப்போது அந்த எண் 97.

ரசிகர்கள்தான் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று டக்கன்ஃபீல்டு அப்போதே சொன்னார். அது பொய் என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள 2015 வரை ஆனது. நான்கு நாள் கழித்து 'தி சன்' நாளிதழ், முதல் பக்கத்தில் 'உண்மை' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, லிவர்பூல் ரசிகர்கள் செத்தவர்களின் பையில் கைவிட்டுத் திருடினார்கள், போலீஸ்காரர்கள்மேல் சிறுநீர் கழித்தார்கள் என்று எழுதியது. இறந்தவர்கள் குடித்திருந்தார்களா என்று பார்க்க எல்லோருடைய இரத்தத்தையும் சோதித்தார்கள், குழந்தைகளையும் சேர்த்து. கடைசிக் குழந்தைக்குப் பத்து வயது. போலீஸின் தவறுதான் முக்கியக் காரணம் என்று அதே ஆகஸ்டில் நீதிபதி டெய்லரின் அறிக்கை சொல்லியும், 1991இல் மரண விசாரணை 'விபத்து' என்று முடித்தது. மதியம் 3:15க்கு மேல் நடந்த எதையும் விசாரிக்கத் தேவையில்லை என்றார் விசாரணை அதிகாரி. அதற்குள் எல்லோரும் காப்பாற்ற முடியாத நிலைக்குப் போய்விட்டார்கள் என்பது அவர் கணக்கு.

ஆன் வில்லியம்ஸ் என்ற அம்மா அந்தக் கணக்கை ஏற்கவில்லை. அவருடைய மகன் கெவினுக்குப் பதினைந்து வயது. 3:15க்குப் பிறகும் அவன் உயிரோடு இருந்ததைப் பார்த்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போனார். நான்கு மணிவாக்கில் அவன் 'அம்மா' என்று முனகியதைக் கேட்ட ஒரு பெண் காவலர் இருந்தார். மருத்துவ நிபுணர்களிடம் போனார். மனுப் போட்டார், தள்ளுபடி செய்தார்கள். மறுபடியும் போட்டார். 2012இல் சுயேச்சைக் குழு லட்சக்கணக்கான பக்க ஆவணங்களைத் திறந்து வைத்தது. போலீஸ்காரர்களின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன. சரியான நேரத்தில் உதவி கிடைத்திருந்தால் 41 பேர் வரைக்கும் பிழைத்திருக்கக்கூடும். அந்த டிசம்பரில் பழைய தீர்ப்பு ரத்தானது. சில மாதத்தில் ஆன் வில்லியம்ஸ் புற்றுநோயில் இறந்தார். 2016 ஏப்ரலில் ஜூரி, அவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள் என்றும் ரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணமில்லை என்றும் சொன்னது. சாவுக்காக யாரும் சிறைக்குப் போகவில்லை. டக்கன்ஃபீல்டை 2019இல் விடுதலை செய்துவிட்டார்கள்.

இந்தக் கதையில் நடுநிலையாளர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் என்னை உறுத்துவது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அரசாங்கம் ஒன்று சொல்கிறது, பத்திரிகை ஒன்று சொல்கிறது, லிவர்பூல்காரர்கள் சொந்த ஆட்களுக்காக வேறொன்று சொல்கிறார்கள். சார்பில்லாத மனிதன் யாரை நம்புவான்? அன்றைக்குத் துலாக்கோலைப் பிடித்திருந்த நியாயவான்கள் பலரும் தப்பான தட்டில்தான் எடை வைத்தார்கள். சரியாகச் சொன்னது சார்பு உள்ளவர்கள். அது தற்செயல்கூட இல்லை. இருபத்தேழு வருடம் தேட நடுநிலைக்காரனுக்கு என்ன தலையெழுத்து? அன்பு இருக்கிறவன்தான் திரும்பத் திரும்பப் போய்க் கதவைத் தட்டுவான். 'ரசிகன் சொல்றதை எடுத்துக்க முடியாது' என்று யாராவது சொல்லும்போது என்னால் இன்றும் ஒப்புக்கொள்ள முடியாததற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் சுஷாந்த் விஷயத்தில் நான் சொன்னதில் என்ன குறை?

நண்பன் அன்றைக்கு உடனே பதில் போடவில்லை. பத்து நிமிடம் கழித்து ஒற்றைச் சொல் வந்தது: "சுவாரெஸ்?"

லிவர்பூல்காரனை வாயடைக்க இந்தப் பெயர் போதும். 2011 அக்டோபரில் எங்கள் லூயிஸ் சுவாரெஸ், யுனைடெட்டின் பேட்ரிஸ் எவ்ராவை நிறத்தைச் சொல்லிப் பேசினார் என்று புகார் வந்தது. விசாரணை நடந்தது, எட்டு ஆட்டத் தடை விதித்தார்கள். மறுநாளே எங்கள் வீரர்கள் சுவாரெஸின் படம் போட்ட டி-ஷர்ட்டோடு பயிற்சிக்கு இறங்கினார்கள். நாங்களும் அந்தப் பக்கம்தான். விசாரணைக் குழுவின் அறிக்கையை நூறு பக்கத்துக்கு மேல் எழுதி வெளியிட்டார்கள், நான் ஒரு பக்கம் படிக்கவில்லை. எதற்குப் படிக்க வேண்டும்? எங்களைப் பற்றி எப்போதும் பொய்தானே சொல்வார்கள். ஹில்ஸ்பரோவில் சொன்னவர்கள்தானே. அந்த டி-ஷர்ட்டைப் போட்டவர்களில் ஒருவரான ஜேமி கேரகர், 2019இல் டிவியில் எவ்ராவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார்.

நமக்கு நடந்த நிஜமான அநியாயம் ஒன்று, பிறகு நாம் செய்கிற அநியாயத்துக்கு அச்சாகிவிடுகிறது. அடிபட்ட இடத்தில் தோல் தடித்துவிடுகிற மாதிரி. சுஷாந்த் ரசிகர்களுக்கும் இதே கதைதான். வெளியிலிருந்து வந்தவனை இந்திச் சினிமா ஒதுக்கும் என்பது உண்மை. அந்த உண்மையை அச்சாக வைத்து நாங்கள் ஒரு கொலைக் கதையை வார்த்தோம்.

இதைவிடச் சங்கடமான ஒன்று இருக்கிறது. லிவர்பூல் ரசிகர்கள் அதிகம் பேச விரும்பாதது. 1985 மே 29, பிரஸ்ஸல்ஸ், ஹெய்செல் மைதானம், யுவென்டஸோடு ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி. லிவர்பூல் ரசிகர்கள் எதிர்ப்பக்கத்தை நோக்கிப் பாய்ந்தார்கள், ஒதுங்கி ஓடியவர்கள்மேல் சுவர் இடிந்தது. 39 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இத்தாலியர்கள். பதினான்கு லிவர்பூல் ரசிகர்களைக் குற்றவாளிகள் என்று பெல்ஜிய நீதிமன்றம் சொன்னது 1989 ஏப்ரலில், ஹில்ஸ்பரோ நடந்த அதே மாதத்தில். ஹில்ஸ்பரோவில் எங்களைப் பற்றிச் சொன்ன பொய்யை உலகம் அவ்வளவு சுலபமாக நம்பியதற்கு ஹெய்செலின் உண்மையும் ஒரு காரணம். 2005இல் யுவென்டஸ் ஆன்ஃபீல்டுக்கு ஆட வந்தபோது லிவர்பூல் ரசிகர்கள் அட்டைகளைத் தூக்கிப் பிடித்து இத்தாலிய மொழியில் 'நட்பு' என்று எழுதிக் காட்டினார்கள். யுவென்டஸ் ரசிகர்களில் சிலர் கைதட்டினார்கள். சிலர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். அந்த முதுகுகளை யூடியூபில் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களும் நீதி கேட்கிற ரசிகர்கள்தான். அவர்கள் கேட்டது எங்களிடம்.

ஆக, அன்பு ஒருவனை உண்மையின் பக்கமும் கொண்டுபோகும், பொய்யின் பக்கமும் கொண்டுபோகும். கோபத்தின் சூட்டை வைத்து எந்தப் பக்கம் போகிறோம் என்று கண்டுபிடிக்க முடியாது. இதற்கு ஒரு சின்னச் சான்று. 2021 அக்டோபரில் ஷாருக்கானின் மகன் ஆர்யன் கானைப் போதைப்பொருள் வழக்கில் கைது செய்தார்கள். அதே துறை. இந்த முறை நான், பையன் நிரபராதி என்று முதல் நாளே எழுதினேன். 2022 மேயில் அவர்மேல் போதிய ஆதாரம் இல்லை என்று குற்றப்பத்திரிகையில் பெயரைச் சேர்க்காமல் விட்டார்கள். நான் சொன்னது பலித்துவிட்டது. ஆனால் எனக்கு என்ன தெரிந்திருந்தது? 'ஸ்வதேஸ்' படத்தில் ரயில் நிலையத்தில் ஒரு சிறுவனிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் ஷாருக் அழுத அழுகை எனக்குத் தெரியும், அவ்வளவுதான். பரீட்சையில் தப்பான வழியில் போட்ட கணக்குக்குச் சரியான விடை வந்துவிட்ட மாதிரி. ரியாவை நான் தூற்றியதற்கும் ஆர்யனை ஆதரித்ததற்கும் என் பக்கம் இருந்த ஆதாரம் ஒன்றேதான்: பூஜ்யம்.

கொஞ்ச நாள் முன்பு வேறு எதற்காகவோ சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையைப் புரட்டினேன். பள்ளியில் படித்ததுதான். கண்ணகி என்றதும் நம் மனதில் முதலில் வருவது விரித்த தலைமுடியும் எரிகிற மதுரையும். ஆனால் அவள் அரண்மனையில் செய்த முதல் வேலை வேறு. தன் சிலம்புக்குள் மாணிக்கப் பரல் இருக்கிறது என்று சொல்கிறாள். தன்னுடையதில் முத்து என்று சொல்லிவிட்டு, கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பைக் கொண்டுவரச் சொல்கிறான் பாண்டியன். இரண்டு பேரும் உள்ளே என்ன இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பிறகுதான் உடைக்கிறாள். முத்து தெறித்திருந்தால் அவள் வழக்கு அங்கேயே முடிந்துபோயிருக்கும்.

கண்ணகி நடுநிலையானவள் இல்லை. அவளைவிடச் சார்புள்ள ஆள் அந்த ஊரில் கிடையாது. புருஷன் செத்த அன்றைக்கு வந்து நிற்கிறாள். சார்போடுதான் வந்தாள், கையில் உடைக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆன் வில்லியம்ஸும் அப்படித்தான். 3:15க்குப் பிறகு என் மகன் உயிரோடு இருந்தான் என்று அவர் சொன்னது சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்கியம். பார்த்த ஆள் இல்லை என்றால் அது பொய். நுரையீரலும் கழுத்து எலும்பும் வேறு கதை சொன்னால் அது பொய். ஹில்ஸ்பரோ குடும்பங்கள் கேட்டது ஆவணத்தைத் திற என்று. அந்த ஆவணத்துக்குள் தங்கள் பிள்ளைகள் குடித்துவிட்டுக் கலவரம் செய்ததற்கான சான்று இருந்திருந்தால் அதுவும் சேர்ந்தேதான் வெளியே வந்திருக்கும். தெரிந்துதான் கேட்டார்கள்.

நாங்கள் எதைக் கேட்டோம்? சி.பி.ஐ. விசாரணை வேண்டும் என்றோம், ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிவிட்டது. அக்டோபர் தொடக்கத்தில், கொலைக்கான அடையாளம் இல்லை என்று எய்ம்ஸ் மருத்துவக் குழு சொன்னதாகச் செய்தி வந்தது. நாங்கள் கேட்ட சிலம்புதான் உடைந்தது, உள்ளே நாங்கள் சொன்னது இல்லை. குரூப்பில் ஒருத்தன்கூட 'சரிப்பா, தப்பு நம்ம மேல' என்று சொல்லவில்லை. 'எய்ம்ஸையும் வாங்கிட்டானுங்க' என்றார்கள். மும்பை போலீஸ், பிறகு மருத்துவர்கள், பிறகு சி.பி.ஐ. என்று குற்றவாளிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. ரியாவுக்கு அக்டோபர் 7 அன்று ஜாமீன் கிடைத்தது, கிட்டத்தட்ட ஒரு மாதம் பைகுல்லா சிறையில் இருந்த பிறகு. இப்படிப்பட்ட ஊடக விசாரணை நீதி நிர்வாகத்தில் குறுக்கிடுகிறது என்று 2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது. அதையும் நாங்கள் படிக்கவில்லை. சிலம்பை உடைக்காமலே நேராக மதுரைக்குப் போய்விட்டவர்கள் நாங்கள்.

நண்பனின் கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்ல எனக்கு வழி இருந்தது. 'எப்படித் தெரியும்' என்று அவன் கேட்டபோது, 'என்ன வெளிவந்தா நான் தப்புன்னு ஒத்துக்குவேன்' என்று என்னையே ஒரு தடவை கேட்டிருக்கலாம். அதற்கு நிபுணனாக இருக்க வேண்டியதில்லை. கேட்டிருந்தால் 'எது வந்தாலும் ஒத்துக்க மாட்டேன்' என்பதுதான் நேர்மையான பதிலாக வந்திருக்கும். அதைக் கேட்ட பிறகும் அந்த வீடியோவைப் பகிர்ந்திருப்பேனா? தெரியாது. பகிர்ந்திருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொள்ளப் பிடித்திருக்கிறது.

இந்த அளவுகோலில் எனக்கே ஒரு திருப்தியின்மை உண்டு. லிவர்பூல் நகரத்தில் மைதானத்துக்கே போகாத லட்சம் பேர், எந்த ஆவணமும் பார்க்காமல், முதல் நாளிலிருந்தே சொந்த ஊர்க்காரர்களை நம்பினார்கள். 'சன்' பேப்பரை வாங்குவதை நிறுத்தினார்கள், இன்று வரை அந்த ஊரில் அதற்கு மரியாதை கிடையாது. அவர்கள் கையில் எந்தச் சிலம்பும் இல்லையே? இல்லைதான். ஆனால் சனிக்கிழமை போய்விட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரன் இருந்தான். அவன் கண்ணால் பார்த்ததைச் சொன்னான். அவன் திருடன் இல்லை என்று இருபது வருடப் பழக்கத்தில் தெரியும். அதுவும் ஒரு வகை ஆதாரம்தான், நீதிமன்றத்தில் நிற்காவிட்டாலும்.

எனக்கு சுஷாந்தைத் தெரியாது. இஷானைத் தெரியும், லாக்னாவைத் தெரியும். அவர் எப்படித் தூங்குவார், எதற்கு மருந்து சாப்பிட்டார், காதலியோடு எப்படிச் சண்டை போட்டுச் சமாதானம் ஆனார் என்று ஒன்றுமே தெரியாது. தெரிந்த ஒருத்தி இருந்தார். அவரைத்தான் நாங்கள் விரட்டினோம். இழவு வீட்டில் இறந்தவனின் ஆளைத் தள்ளிவிட்டு, தெருவில் போனவர்கள் உள்ளே வந்து மாரடித்துக்கொண்ட மாதிரி. துக்கப்பட எங்களுக்கு உரிமை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நடிகனுக்காக அழுவதைக் கேவலமாக நினைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. ஆனால் அந்த அழுகை, அவர் வாழ்க்கையைப் பற்றிச் சாட்சி சொல்லும் தகுதியை எனக்குத் தந்துவிடவில்லை. லிவர்பூலைப் பற்றி நான் 'எங்கள்' 'எங்கள்' என்று இவ்வளவு நேரம் எழுதியதும் அப்படித்தான். ஹில்ஸ்பரோவில் நின்றது நான் இல்லை. அந்தக் குடும்பங்களின் இருபத்தேழு வருட உழைப்பை, ஒரு வாட்ஸாப் சண்டையில் ஜெயிக்க நான் கடன் வாங்கினேன். எனக்கு இப்போது அதிக வெட்கம் தருவது எதுவென்று கேட்டால், சிரிக்கும் எமோஜிக்கு அடுத்தபடியாக அதைத்தான் சொல்வேன்.

2025 மார்ச்சில் சி.பி.ஐ. விசாரணையை முடித்து அறிக்கை கொடுத்தது. கொலை என்றோ வேறு யாரும் தூண்டினார்கள் என்றோ காட்ட ஆதாரம் இல்லை. பழைய குரூப்பில் யாரும் எதுவும் போடவில்லை. என் பழைய பதிவுகளைத் தேடி எடுத்தேன். மொத்தம் பத்தொன்பது. அழித்தால் சாட்சியத்தை அழிக்கிற மாதிரி இருந்தது, விட்டு வைத்தால் அந்தப் பெண்ணின் மேல் இன்னும் கல் எறிந்துகொண்டிருக்கிற மாதிரி இருந்தது. வீடியோ பதிவை மட்டும் அழித்தேன். மிச்சம் பதினெட்டின் கீழும் 'இது பொய், நான் தெரியாமல் போட்டது' என்று எழுதினேன். எழுதிவிட்டு, 'தெரியாமல்' என்ற சொல்லை எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 27 அன்று லிவர்பூல், டாட்டன்ஹாமை 5-1 என்று அடித்து மறுபடியும் சாம்பியன் ஆனது. இந்த முறை ஆன்ஃபீல்டு நிரம்பியிருந்தது, நானும் வீட்டில் சத்தமாகக் கத்தினேன். யுனைடெட் அந்த வருடம் இருந்த இடத்தைப் பற்றி நண்பனிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவனே வாழ்த்து அனுப்பினான். நான் நன்றி சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்து, "2020ல நீ ஒண்ணு கேட்டேல்ல, எப்படித் தெரியும்னு. எனக்கு ஒண்ணும் தெரியலைடா" என்று அனுப்பினேன்.

இரண்டு டிக்கும் நீலமானது.

"எதைச் சொல்ற?" என்று கேட்டான்.